ஒரு கிலோ பெற்றோலுக்கு எத்தனை செக்கன்? ரேஸ் மேனேஜர் கேம்களில் எரிபொருளும் பிட் ஸ்டொப்பும்

மட்டக்களப்புப் பக்கம் ரேஸ் மேனேஜர் கேம் விளையாடத் தொடங்கியிருக்கும் தம்பிமாரிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "அண்ணா, டாங்கில இன்னும் பெற்றோல் இரிக்கு, மறுகா ஏன் காரை உள்ளுக்குக் கூப்பிடுற?"

கேள்வி நியாயமானதுதான். வீதியில் ஓடும் வாகனத்துக்குப் பெற்றோல் என்றால் தூரம். இருந்தால் போகலாம், முடிந்தால் நிற்க வேண்டியதுதான். ரேஸில் பெற்றோலுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. புதிதாக வருகிற பலர் அந்த முகத்தைக் கவனிக்காமலே முதல் சீசனைத் தோற்றுவிடுகிறார்கள்.

மோட்டார்ஸ்போர்ட் மேனேஜர், எஃப்1 மேனேஜர், ஐஜிபி மேனேஜர் என்று எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். நீங்கள் ஓட்டுநர் இல்லை; பிட் (பாதையோரத்தில் காரை நிறுத்தி ரயர், பெற்றோல் பார்க்கிற இடம்) சுவருக்குப் பக்கத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இருக்கிற ஆள். கார் தன்பாட்டில் ஓடும். எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, எந்த ரயர் போடுவது, எந்தச் சுற்றில் உள்ளே கூப்பிடுவது, ஓட்டுநரை முடுக்குவதா அடக்குவதா என்ற முடிவுகள்தான் உங்கள் கையில். ஒன்றைத் தொட்டால் மற்றது அசைவதால் ஆரம்பத்தில் தலை சுற்றும். என் அனுபவத்தில் இதற்கு ஒரே மருந்து, எல்லாவற்றையும் செக்கனாக மாற்றிக்கொள்வது. ஒரு கிலோ எரிபொருள் ஒரு சுற்றில் எத்தனை செக்கன் தின்கிறது? ஒரு சுற்று ஓடிய ரயர் எத்தனை செக்கன் மந்தமாகிறது? உள்ளே வந்து போக எத்தனை செக்கன் போகிறது? இந்த மூன்று எண்ணும் தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் கூட்டல், பெருக்கல். சாதாரண தரப் பரீட்சைக் கணக்கை விட லேசு.

பாரம்

ரேஸ்காரர்கள் எரிபொருளை லீற்றரில் பேசுவது குறைவு. கிலோவில்தான் பேசுவார்கள். சூடு ஏறினால் பெற்றோல் விரியும், குளிர்ந்தால் சுருங்கும்; லீற்றர் கணக்கு மாறிவிடும், நிறை மாறாது. ஒரு லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ முக்கால் கிலோ. ஃபோர்மியூலா 1 இல் 2014 ஆம் ஆண்டு ஒரு ரேஸுக்கு 100 கிலோதான் என்று எல்லை வைத்தார்கள். 2017 இல் அதை 105 ஆக்கினார்கள், 2019 இல் 110.

இந்த நிறை காரை எல்லா இடத்திலும் பிடித்து வைக்கிறது. நேர்ப்பாதையில் வேகம் எடுக்கச் சுணங்கும். வளைவுக்கு முன் நேரத்தோடு பிரேக் பிடிக்க வேண்டும். வளைவுக்குள் ரயருக்குச் சுமை கூடும், அதனால் ரயரும் வேகமாகத் தேயும். ஃபோர்மியூலா 1 இல் வழக்கமாகச் சொல்லப்படும் மட்டுக்கணக்கு, 10 கிலோ கூடினால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 செக்கன் போகும் என்பது. அப்படியென்றால் ஒரு கிலோவுக்கு 0.03 செக்கன்.

கண்ணை இமைக்கும் நேரத்தை விடக் குறைவு. ஆனால் அதை ஒவ்வொரு சுற்றிலும் கட்டவேண்டும் என்பதை மறக்கக்கூடாது. "ஒரு பாதுகாப்புக்குக் கிடக்கட்டும்" என்று 5 கிலோவைக் கூடுதலாக ஏற்றி 60 சுற்று ஓடினால் 5 × 0.03 × 60, ஒன்பது செக்கன். கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று ஆளாளுக்கு ஓர் ஊரில் இருந்து சேர்ந்து ஓடும் எங்கள் மாதிரி ஒரு லீக்கில், ஒன்பது செக்கன் இடைவெளிக்குள் நாலைந்து கார் நிற்கும். கடைசிக் கோட்டைத் தாண்டும்போது டாங்கில் மிஞ்சிக் கிடக்கிற ஒவ்வொரு கிலோவும் நீங்கள் சும்மா சுமந்த பாரம்.

உங்கள் கேமில் அந்த எண் 0.03 ஆகத்தான் இருக்கும் என்று இல்லை. கண்டுபிடிப்பது லேசு: பயிற்சி ஓட்டத்தில் ஒரே வகைப் புது ரயரில் 10 கிலோவோடு மூன்று சுற்று, 50 கிலோவோடு மூன்று சுற்று ஓடவிடுங்கள். சுற்று நேர வித்தியாசத்தை 40 ஆல் பிரித்தால் வருவதுதான் உங்கள் எண். மோட்டார்ஸ்போர்ட் மேனேஜர் மாதிரி எரிபொருளைச் சுற்றுக் கணக்கில் காட்டுகிற கேம் என்றால் கிலோவுக்குப் பதில் சுற்றால் பிரியுங்கள். அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பாதைக்குப் பாதை கொஞ்சம் மாறும். நீளமான பாதையில் கூடும்.

உள்ளே வந்து போகிற செலவு

பிட் ஸ்டொப் என்றதும் மெக்கானிக்மாரின் கைவேகம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 2023 கட்டார் கிராண்ட் பிறீயில் மெக்லாரன் அணி லாண்டோ நொரிஸின் நாலு ரயரையும் 1.80 செக்கனில் மாற்றியது. பார்க்கப் பிரமிப்பான வேலை. ஆனால் கார் நிற்கிற நேரம் மொத்தச் செலவில் ஒரு சின்னத் துண்டுதான். பிட்டுக்குள் போய் வெளியேறும் வழியான பிட் லேனுக்குள் வேக எல்லை பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீற்றர், மொனாக்கோவில் 60. வெளியே மற்றவர்கள் 300 ஐ நெருங்கிப் பறக்கும்போது உங்கள் கார் அந்த நீளம் முழுவதையும் 80 இல் கடக்கிறது. பெரும்பாலான பாதைகளில் இதெல்லாம் சேர்ந்து 20 செக்கனுக்கு அங்குமிங்குமாகப் போய்விடும்.

கேமில் காசு கையில் வந்ததும் பிட் குழுவை மேம்படுத்தி அரைச் செக்கன் மிச்சம் பிடிக்க ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யலாம், பிழையில்லை. ஆனால் தேவையில்லாத ஒரு ஸ்டொப்பைத் தவிர்த்தால் 20 செக்கன் சும்மா கிடைக்கும். நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

எரிபொருளையும் பிட்டில் நிரப்புகிற கேம் என்றால் நிற்கிற நேரத்தைத் தீர்மானிப்பது ரயர் இல்லை, குழாய். ஃபோர்மியூலா 1 இல் 1994 முதல் 2009 வரை ரேஸ் நடுவில் எரிபொருள் நிரப்ப அனுமதி இருந்தது. அந்தக் காலத்து இயந்திரம் செக்கனுக்குச் சுமார் 12 லீற்றர் தள்ளும், ஏறத்தாழ 9 கிலோ. 45 கிலோ வேண்டுமென்றால் 5 செக்கன் நிற்கத்தான் வேண்டும். ஆபத்தும் கூடவே இருந்தது. 1994 ஹொக்கன்ஹைமில் ஜொஸ் வெர்ஸ்டப்பனின் கார் பிட்டிலேயே தீப்பற்றியது. 2008 சிங்கப்பூரில் ஃபெலிப்பே மாஸா குழாய் மாட்டியபடியே புறப்பட்டு, அதை இழுத்துக்கொண்டு பிட் லேனில் ஓடினார். செலவைக் குறைக்கவென்று 2010 இலிருந்து நிரப்பலை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவின் இண்டிகாரிலும், லெ மான் போன்ற நெடுந்தூர ரேஸ்களிலும் இன்றும் உண்டு.

கேம்களும் இதேமாதிரி இரண்டு சாதி. எஃப்1 மேனேஜர் இன்றைய விதிகளைப் பின்பற்றுவதால் அங்கே நிரப்பல் இல்லை. தொடக்கத்தில் ஏற்றியதுதான் கடைசிவரைக்கும். மோட்டார்ஸ்போர்ட் மேனேஜரில் நிரப்பலைக் கொண்டுவருவதா நிறுத்துவதா என்று அணித் தலைவர்கள் வாக்குப் போடுவார்கள், சீசனுக்குச் சீசன் மாறலாம். ஐஜிபி மேனேஜரில் லீக்கை நடத்துகிறவர் தீர்மானிப்பார். எந்த ரேஸுக்கும் முதல் வேலை, இது நிரப்புகிற ரேஸா நிரப்பாத ரேஸா என்று பார்ப்பது. இதைப் பார்க்காமல் யூடியூப்பில் கேட்ட ஆலோசனையை அப்படியே போட்டால் என்ன நடக்கும் என்பதைக் கீழே காட்டுகிறேன்.

ஒரு ரேஸைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு எண்களை நானே வைக்கிறேன். 60 சுற்று. சுற்றுக்கு 2 கிலோ எரியும். ஒரு கிலோவுக்கு 0.03 செக்கன். ரயர் ஒவ்வொரு சுற்றுக்கும் 0.05 செக்கன் மந்தமாகும். உள்ளே வந்து போக 22 செக்கன். நிரப்பல் உண்டு.

ஒருதரமும் நிற்காமல் ஓட 120 கிலோ ஏற்றவேண்டும். தொடக்கத்தில் 120, முடிவில் 0, சராசரி 60 கிலோ. 60 கிலோ × 0.03 × 60 சுற்று = 108 செக்கன். எரிபொருளின் பாரத்துக்கு மட்டும் கட்டுகிற விலை அது. ரயரைப் பாருங்கள்: முதல் சுற்றில் நட்டம் இல்லை, அடுத்ததில் 0.05, அதற்கடுத்ததில் 0.10 என்று ஏறி, 60 சுற்றையும் கூட்டினால் 88.5. மொத்தம் 196.5 செக்கன்.

நடுவில் ஒருதரம் நிற்கிறோம் என்று வையுங்கள். 30 சுற்று, 30 சுற்று. ஒவ்வொரு துண்டுக்கும் 60 கிலோ ஏற்றினால் போதும், சராசரிப் பாரம் 30. எரிபொருள் நட்டம் துண்டுக்கு 27, இரண்டுக்கும் 54. ரயர் நட்டம் இரண்டுக்கும் சேர்த்து 43.5. ஸ்டொப் 22. கூட்டினால் 119.5.

இரண்டு தரம் நின்றால் 20 சுற்றாக மூன்று துண்டு. எரிபொருள் 36, ரயர் 28.5, ஸ்டொப் 44. மொத்தம் 108.5.

மூன்று தரம் நின்றால் 15 சுற்றாக நாலு துண்டு. எரிபொருள் 27, ரயர் 21, ஸ்டொப் 66. மொத்தம் 114.

ஆக, இரண்டு ஸ்டொப்தான் வேகமான வழி. ஒன்றை விட 11 செக்கன், மூன்றை விட 5.5 செக்கன் இலாபம். தம்பிமாரின் கேள்விக்குப் பதில் இதற்குள் இருக்கிறது. டாங்கில் இடம் இருந்தாலும் நிறைய ஏற்றாமல் விடுவதும், கார் ஓடக்கூடிய நிலையில் இருக்கும்போதே உள்ளே கூப்பிடுவதும், 22 செக்கனைக் கொடுத்து அதைவிடக் கூடுதலாக வாங்குவதற்குத்தான். வாங்குவது குறைவென்றால் கூப்பிடக்கூடாது.

கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். துண்டின் நீளம் இரட்டித்தால் நட்டம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நாலு மடங்கு ஆகிறது. 30 சுற்றுத் துண்டுக்கு எரிபொருள் நட்டம் 27. 60 சுற்றுக்கு 108. அதனால்தான் முதல் ஸ்டொப் அள்ளிக் கொடுக்கிறது, அடுத்தது கொஞ்சம் கொடுக்கிறது, மூன்றாவது கையைக் கடிக்கிறது. துண்டுகளை ஏறத்தாழச் சம நீளமாக வைப்பது நல்லது என்பதற்கும் இதுவே காரணம்: 40 சுற்று, 20 சுற்று என்று பிரித்தால் நீளமான துண்டு அதிகமாகத் தின்றுவிடும்.

பிட் லேனின் நீளம் குறைந்த பாதையென்றால் 22 என்பது 15 ஆகலாம். அப்போது அதே கணக்கில் மூன்று ஸ்டொப் 93, இரண்டு 94.5. விடை மாறிவிட்டது! 2004 பிரெஞ்சு கிராண்ட் பிறீயில், மாக்னி-கூரில், மைக்கேல் ஷூமாக்கர் நாலு தரம் உள்ளே வந்தும் வென்றார். கேட்டால் பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கும். பிட் லேனின் நீளம் குறைந்த பாதை அது, பெராரி அணி பேப்பரில் போட்ட கணக்கு அப்படிச் சொன்னது. அதற்கு முன் 1998 ஹங்கேரியில், முந்திப்போக இடமே இல்லாத பாதையில், பெராரியின் தொழில்நுட்பத் தலைவர் ரொஸ் பிரோன் நடு ரேஸில் திட்டத்தை மூன்று ஸ்டொப்பாக மாற்றினார். லேசான காரில் சுற்றுக்குச் சுற்று விரட்டி ஓடுவது ஷூமாக்கரின் பங்கு. ஓடினார், வென்றார். எனக்கு இந்த இரண்டு ரேஸும் மிகவும் பிடிக்கும். பாதையில் ஒருவரையும் முந்தாமல் கணக்கால் முந்தலாம் என்று முழு உலகத்துக்கும் காட்டியவை அவை.

நிரப்பாத ரேஸில் அதே கணக்கு

இப்போது நிரப்பலை எடுத்துவிடுவோம். மற்ற எண்கள் எல்லாம் அதேதான். எத்தனை தரம் நின்றாலும் எல்லோரும் 120 கிலோவோடுதான் தொடங்கவேண்டும், அந்த 108 செக்கன் எல்லோருக்கும் பொது. ஒப்பிடும்போது அதைக் கழற்றிவிடலாம். மிஞ்சுவது ரயரும் ஸ்டொப்பும். ஒரு ஸ்டொப்புக்கு 43.5 + 22 = 65.5. இரண்டுக்கு 28.5 + 44 = 72.5.

அதே பாதை, அதே ரயர், ஆனால் விடை ஒரு ஸ்டொப்! நிரப்பல் இருந்த காலத்தில் இரண்டு மூன்று ஸ்டொப் சாதாரணமாகவும், இப்போது ஒன்று இரண்டோடு முடிவதாகவும் இருப்பதற்கு இது பெரிய காரணம். ரயர் இரட்டிப்பு வேகத்தில், சுற்றுக்கு 0.10 ஆகத் தேய்கிற பாதையென்றால் ஒன்றுக்கு 109, இரண்டுக்கு 101, மறுபடி இரண்டு வென்றுவிடும். அதனால் நிரப்பாத கேமில் உங்கள் கண் எரிபொருள் மானியில் இல்லாமல் ரயர் தேய்வில் இருக்கவேண்டும். மழையில்லாத ரேஸில் இரண்டு வகை ரயரைப் பாவித்தே ஆகவேண்டும் என்ற விதியும் ஃபோர்மியூலா 1 இல் இருக்கிறது, அதைப் பின்பற்றுகிற கேமில் ஒரு ஸ்டொப்பாவது கட்டாயம்.

எரிபொருள் முடிவு இங்கே ரேஸுக்கு முன்னமே எடுக்கப்படுகிறது: சரியாக 60 சுற்றுக்கா, 59 சுற்றுக்கு ஏற்றிவிட்டு வழியில் மிச்சம் பிடிப்பதா? மிச்சம் பிடிப்பது எப்படியென்று இந்த மண்ணில் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 ஜூலையில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடுகிற சைக்கிள் என்றாலும் 200 கிலோமீற்றரோடு சரி. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வேலைக்கு வந்து போகிறவருக்கு அது கிழமையில் பாதிக்குத்தான் காணும். என்ன செய்தார்கள்? முறுக்குவதை விட்டார்கள். சந்தி தூரத்தில் தெரியும்போதே அக்சிலேற்றரில் இருந்து கையை எடுத்து, சைக்கிளை உருளவிட்டு, கடைசியில் மெல்லப் பிரேக் தொட்டார்கள். ரேஸ் ஓட்டுநருக்கு நீங்கள் எரிபொருள் மிச்சம் பிடிக்கச் சொல்லும்போது அவர் செய்வதும் அச்சொட்டாக அதுவே: நேர்ப்பாதை முடிவதற்குச் சற்று முன்பே காலை எடுத்து, காரை உருளவிட்டு, பிறகு பிரேக்.

அதற்கும் விலை உண்டு. 1 சுற்றுக்குரிய 2 கிலோவைக் குறைத்து ஏற்றினால் 60 சுற்றில் 3.6 செக்கன் இலாபம். அந்த 2 கிலோவை மிச்சம் பிடிக்க, சுற்றுக்கு 0.2 கிலோ மிஞ்சி 0.3 செக்கன் போகிற மெதுவான மோடில் 10 சுற்று ஓட்டவேண்டும் என்று வையுங்கள். போவது 3 செக்கன். இலாபம் 0.6 தான்; இதற்காகத் தலையை உடைக்க வேண்டாம். ஆனால் மெதுவான காருக்குப் பின்னால் மாட்டி முந்த முடியாமல் போய்க்கொண்டிருக்கும் அந்த ஐந்தாறு சுற்று இருக்கிறதே, அங்கே எரிபொருளை மிச்சம் பிடிப்பது முற்றிலும் இலவசம். எப்படியும் முன்னால் போகிறவரின் வேகம்தான் உங்கள் வேகம். ஓட்டுநரை அப்போது "புஷ்" மோடில், அதாவது முடுக்கி ஓட்டும் நிலையில், விட்டு வைத்திருப்பது பெற்றோலை நிலத்தில் ஊற்றுவது. முன்பாதை வெறுமையானதும் சேர்த்து வைத்ததை எடுத்துச் செலவழியுங்கள்.

மிச்சம் பிடித்து வென்றதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி 2016 இண்டியானபோலிஸ் 500. அது அந்த ரேஸின் நூறாவது ஓட்டம். அலெக்சாண்டர் ரொஸி அங்கே முதல்தரம் ஓடுகிறார். முன்னால் நின்றவர்கள் கடைசி நேரத்தில் எரிபொருளுக்காக உள்ளே போக, அவர் மெல்ல ஓட்டி ஓட்டி, கடைசிச் சுற்றில் டாங்க் காய்ந்து உருண்டு வந்து வென்றார். மறுபக்கத்துக்கு 2021 ஹங்கேரி. செபஸ்டியன் வெட்டல் இரண்டாவதாக வந்தார். ரேஸ் முடிந்தபின் பரிசோதனைக்கு 1 லீற்றர் எரிபொருள் எடுக்கக் கிடைக்க வேண்டும் என்பது விதி. அவருடைய காரில் 0.3 லீற்றர்தான் எடுக்க முடிந்தது. இரண்டாம் இடம் பறிபோனது.

முந்தி உள்ளே போவதா, பிந்திப் போவதா

யூடியூப் ஆலோசனை என்று சொன்னேனே, "முந்தி உள்ளே போ" என்பது மாதிரி, அது இந்த இடத்தில்தான் காலை வாரும்.

நிரப்பாத ரேஸ். உங்களுக்கு முன்னால் 1.5 செக்கன் தூரத்தில் ஒருவர். இருவருடைய ரயரும் 20 சுற்றுப் பழசு, எனவே புது ரயரை விடச் சுற்றுக்கு 1 செக்கன் மந்தம். நீங்கள் முந்தி உள்ளே போய்ப் புது ரயரோடு வருகிறீர்கள். அவர் இன்னும் இரண்டு சுற்று பழைய ரயரிலேயே ஓடுகிறார். அந்த இரண்டு சுற்றில் உங்களுக்கு 2 செக்கன் கிடைக்கிறது. அவர் உள்ளே போய் வெளியே வரும்போது நீங்கள் அரைச் செக்கன் முன்னால். இதைத்தான் அண்டர்கட் என்பார்கள். புது ரயர் சூடேற ஒரு சுற்று எடுக்கிற குளிர்ந்த பாதையிலும், கடின வகை ரயரிலும் இது அவ்வளவு பலிக்காது.

நிரப்புகிற ரேஸில் இதையே செய்து பாருங்கள். முந்தி உள்ளே போன நீங்கள் புது ரயரோடு சேர்த்து 40 கிலோ எரிபொருளையும் ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள். வெளியே இருப்பவரிடம் 6 கிலோதான் மிச்சம். உங்கள் கார் 34 கிலோ பாரம் கூட, சுற்றுக்கு 1.02 செக்கன் நட்டம். புது ரயர் தந்த 1 செக்கனை அது அப்படியே விழுங்கிவிட்டது. ரயர் குறைவாகத் தேய்கிற பாதையென்றால் இன்னும் மோசம்: அவர் காற்று மாதிரி லேசான காரில் இரண்டு வேகச் சுற்று ஓடி, உங்களுக்கு முன்னால் வந்து விழுவார். நிரப்பல் காலத்தில் "மற்றவனை விட ரெண்டு சுற்றுக்குக் கூட ஏற்று, பிந்திப் போ" என்பது பாடமாக இருந்தது இதனால்தான். ஒரே கேள்விக்கு இரண்டு வகை ரேஸில் நேர்மாறான விடை.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு பொறி இருக்கிறது. வெளியே வரும்போது யாருக்குப் பின்னால் வந்து விழுவீர்கள்? 2010 அபுதாபி. சம்பியன் பட்டத்துக்கான புள்ளியில் முன்னால் நின்றவர் பெராரியின் பெர்னாண்டோ அலோன்சோ. போட்டியாளர்களில் ஒருவரான மார்க் வெபர் நேரத்தோடு உள்ளே போனதும், அவரை விட்டுவிடக்கூடாது என்று பெராரி அலோன்சோவையும் கூப்பிட்டது. வெளியே வந்தால் முன்னால் விட்டலி பெட்ரொவின் ரெனோல்ட். பெட்ரொவ் ஏற்கனவே தன் ஸ்டொப்பை முடித்துவிட்டார், இனி உள்ளே போகவேண்டிய தேவையே அவருக்கு இல்லை. மிச்ச ரேஸ் முழுக்க அலோன்சோவால் அவரைத் தாண்ட முடியவில்லை. ஏழாவதாக வந்தார். வெபரின் சக ஓட்டுநர் வெட்டல் ரேஸையும் வென்று, பட்டத்தையும் கொண்டுபோனார்.

கேமில் இதைத் தவிர்க்க, உள்ளே கூப்பிடும் பொத்தானை அமத்துவதற்கு முன் ஒரு பார்வை போதும். நேர இடைவெளிப் பட்டியலில் உங்கள் காருக்குப் பின்னால் 22 செக்கனில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். 20 முதல் 24 செக்கன் வரை வெறுமையாக இருந்தால் தாராளமாகக் கூப்பிடலாம். அங்கே மெதுவான கார் ஒன்று இருந்து, அது ஏற்கனவே ஸ்டொப்பை முடித்திருந்தால், ஒன்றிரண்டு சுற்று பொறுங்கள். கணக்குச் சொன்ன சுற்றில் இருந்து இரண்டு சுற்று பிந்தினால் அரைச் செக்கன்கூட நட்டம் வராது. சனத்துக்குள் மாட்டினால் சுற்றுக்கு ஒன்று இரண்டு செக்கன் போய்க்கொண்டே இருக்கும்.

சேஃப்டி கார்

விபத்து நடந்து, ரேஸை அடக்கி முன்னால் ஓடும் சேஃப்டி கார் வந்தால் வெளியே எல்லோரும் மெதுவாக ஓடுவார்கள். பிட் லேனில் நீங்கள் 80 இல் போவது அப்போது அவ்வளவு நட்டம் இல்லை, 22 செக்கன் ஸ்டொப் ஏறத்தாழப் பாதி விலைக்கு வந்துவிடும். மேலே நிரப்பாத ரேஸில் ஒரு ஸ்டொப் 65.5, இரண்டு 72.5 என்று பார்த்தோம். இரண்டில் ஒன்று 11 க்குக் கிடைத்தால் இரண்டு ஸ்டொப் 61.5 ஆகிவிடும், திட்டத்தை மாற்றலாம். சேஃப்டி காருக்குப் பின்னால் எரிபொருளும் குறைவாகத்தான் எரியும். ஆகவே சேஃப்டி கார் அடிக்கடி வருகிற பாதைக்குக் குறைத்து ஏற்றலாம், முதல் ஸ்டொப்பைக் கொஞ்சம் பிந்தி வைத்துக் காத்திருக்கலாம். சிங்கப்பூரில் 2008 முதல் 2023 வரை நடந்த ஒவ்வொரு ரேஸிலும் சேஃப்டி கார் வந்தது. 2024 இல்தான் முதல்தரம் வராமல் போனது. நேரமிருந்தால் சிங்கப்பூர் ரேஸை நேரலையில் பாருங்கள். எங்கள் நேரம் பின்னேரம் ஐந்தரைக்குத் தொடங்கும், ஐரோப்பிய ரேஸ்கள் பெரும்பாலும் ஆறரைக்கு. எந்த அணி எந்தச் சுற்றில் உள்ளே போகிறது என்று கொப்பியில் குறித்துக்கொண்டு பார்த்தால் கேமுக்கு அதைவிட நல்ல தியூசன் கிடையாது.

சேஃப்டி காரின்போது ஒரே ஒரு சிக்கல் வரும்: உங்கள் அணியில் இரண்டு கார், பிட்டில் நிற்க ஒரு இடம். இரண்டுக்கும் ஒரே சுற்றில் மலிவான ஸ்டொப் வேண்டும். முதல் கார் நிற்கிற நேரத்தோடு, குழு அடுத்த காருக்கான ரயரை எடுத்துத் தயாராகவும் சில செக்கன் வேண்டும். இரண்டு காருக்கும் இடையில் ஐந்தாறு செக்கன் இருந்தால் யோசிக்காமல் இரண்டையும் கூப்பிடுங்கள். ஒட்டிக்கொண்டு வந்தால் பின்னால் வருகிற கார் வரிசையில் நிற்கும் அந்த நாலைந்து செக்கனையும் 11 உடன் கூட்டிப் பாருங்கள். 16 ஆனாலும் அது 22 ஐ விட மலிவுதான், எனவே அப்போதும் கூப்பிடலாம். நிரப்புகிற ரேஸில் மட்டும் கவனம். முன் கார் 40 கிலோ ஏற்றி முடிக்கும்வரை பின் கார் நிற்கவேண்டும், 11 என்பது 18, 19 என்று ஏறும், சேஃப்டி கார் தந்த இலாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். அங்கே முன் காருக்கு அடுத்த கொஞ்சச் சுற்றுக்கு மட்டும் பெற்றோல் அடித்துச் சுறுக்காக அனுப்பிவிட்டு, பின் காருக்கு முழுதாக நிரப்பி, இரண்டையும் வெவ்வேறு திட்டத்தில் ஓடவிடுவதுதான் என் வழக்கம்.